சூரியன் வராத பொங்கல்

வடகோடிக் கடற்கரைக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளின் கதை

தைப் பொங்கல் அன்று சூரியன் உதிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

வாடிப்பட்டிப் பக்கம் போய் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த வட்டாரத்தில் பொங்கல் என்றால் சாதாரணமா? பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் காளைகள் துள்ளும். வாடிப்பட்டி மேளம் காதைப் பிளக்கும். வாசலில் பானை பொங்கும்போது, கிழக்கே சூரியன் தகதகவென்று நிற்கும்.

ஆனால், சூரியன் எட்டியே பார்க்காத ஊரிலும் தமிழர்களுக்குத் தை பிறக்கிறது. நார்வே நாட்டின் வடகோடியில் ஹம்மர்ஃபெஸ்ட் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே நவம்பர் மாதம் மூன்றாம் வாரம் மறையும் சூரியன், மறுபடி தலைகாட்டுவது ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான். நம் பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15-ந் தேதி வந்துவிடுகிறது! சூரியனுக்கு நன்றி சொல்லும் நாளில் வானத்தில் சூரியனே கிடையாது.

அந்தக் கடற்கரைக்குத் தமிழர்கள் எப்படிப் போனார்கள்? பலர் படிக்கப் போனார்கள். படித்தது கொஞ்சம், பட்டது அதிகம் என்று ஆனவர்களும் உண்டு. படித்ததைக் கொண்டுவந்து சொந்த ஊருக்குத் தொழில் கொடுத்தவரும் உண்டு.

கடல் காணாத ஊர்

இந்தக் கதை வாடிப்பட்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். கடலுக்கும் அந்த ஊருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பேரணையில் கால்வாயாகப் பிரிந்து வந்து வயலில் பாய்கிறது. பக்கத்தில் ஓடும் வைகையே நல்ல மழை பெய்த ஆண்டில்தான் கடலைத் தொடும். மற்ற ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போனால்தான் பல பேருக்குக் கடல் தரிசனம்.

ஆனால் இப்போது, “வெளிநாட்டில் படிக்கலாம், வாருங்கள்” என்ற விளம்பரம் நெல் விளையும் ஊர்களையும் எட்டிவிட்டது. கடனுக்கும் வழி சொல்கிறார்கள். படித்து முடித்தால் வேலை என்கிறார்கள். வீட்டில் இருக்கும் தாயின் கேள்விகள் வேறு. பிள்ளை எங்கே தங்கும்? என்ன சாப்பிடும்? காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? தகப்பனுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும். பணம் திரும்புமா?

இவற்றுக்கு விளம்பரத்தில் பதில் இருக்காது. போனவர்கள் கதையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வாலிபர்

1956-ம் ஆண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் என்ற வாலிபர் நார்வே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டுக்குப் போய்க் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் படித்தது மருத்துவமும் அல்ல, சட்டமும் அல்ல. மீன் தொழில்!

மீன் பிடிக்க நார்வேக்குப் போய்ப் படிக்க வேண்டுமா? கேள்வி நியாயந்தான். ஆனால் நார்வேக்காரர்கள் மீனை நடத்துகிற விதமே தனி. லோஃபோட்டன் என்று அங்கே ஒரு தீவுக்கூட்டம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை “காட்” என்னும் பெரிய மீன்கள் முட்டையிடுவதற்காக அங்கே கூட்டங்கூட்டமாக வரும். பிடித்த மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் தொங்க விடுவார்கள். ஒரு சிட்டிகை உப்புக்கூடப் போடுவதில்லை. குளிர்ந்த கடல் காற்றே அதைக் கட்டை போல் காய வைத்துவிடும். உப்பில்லாத கருவாடு! அது இத்தாலிக்கும், ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கும் கப்பல் ஏறுகிறது. ஈரலைக்கூட வீணாக்குவதில்லை. சின்ன வயதில் நம்மில் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீன் எண்ணெய், அந்த ஈரலில் இருந்து எடுப்பதுதான்.

அவர்களுக்கு நம் பக்கத்துக் கடலும் புதிதல்ல. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டு, கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள நீண்டகரையில் ஒரு மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கின. இயந்திரப் படகும், ஐஸ் போட்டு மீனைக் காக்கும் முறையும் அந்தக் கரையில் பரவ அது ஒரு காரணம்.

ராஜேந்திரம் தாம் கற்றதைச் சொந்தக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். நார்வேயில் மதுவிலக்கு இயக்கத்து இளைஞர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். 1967-ல் ஒரு நிறுவனம் பிறந்தது. அப்போது இலங்கைக்குச் சிலோன் என்று பெயர். சிலோன், நார்வே என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டி “சீநோர்” என்று பெயர் வைத்தார்கள். குருநகரில் வலைத் தொழிற்சாலை வந்தது. காரைநகரில் படகு கட்டும் தளம் வந்தது. பிற்பாடு இலங்கை அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. சீநோர் என்ற பெயரில் படகு கட்டும் அரசு நிறுவனம் இன்றும் இருக்கிறது.

அத்துடன் இன்னொரு காரியமும் செய்தார் ராஜேந்திரம். யாழ்ப்பாணத்து வாலிபர்கள் நார்வேக்கு வர வழிகாட்டினார்.

பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்

அப்படி வந்த பலர் சேர்ந்த பள்ளிக்கூடம் மிகவும் வினோதமானது. அங்கே பாடம் உண்டு. பரீட்சை கிடையாது! மார்க்கு கிடையாது. பட்டம் கிடையாது. பாஸ், பெயில் என்ற பேச்சே இல்லை.

“மக்கள் உயர்பள்ளி” என்று அதைச் சொல்லலாம். டென்மார்க் நாட்டில் குருன்ட்விக் என்ற பாதிரியார் (1783-1872) எழுப்பிய எண்ணம் அது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் சரித்திரம், பாட்டு, பேச்சு எல்லாம் கற்கவேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது படிப்பாகாது என்றார் அவர். நார்வேயில் முதல் மக்கள் உயர்பள்ளி 1864-ல் ஏற்பட்டது. இன்றும் இவை நடக்கின்றன. பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. மாணவர்கள் அங்கேயே தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, மலையேறி, படகு ஓட்டி, மர வேலை பழகி, பாட்டுப் பாடி வாழவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! பரீட்சைதான் அவர்களுக்கு உயிர். ஒரு மார்க்கு குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் படிப்பாளிப் பிள்ளைகள் ஏன் இங்கே வந்தார்கள்? உள்ளூரில் கதவு சாத்தப்பட்டதுதான் காரணம். 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக இடங்களுக்குத் “தரப்படுத்தல்” என்ற முறை வந்தது. மருத்துவம், பொறியியல் படிப்புகளில் சேர, தமிழ் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக மார்க்கு எடுக்க வேண்டியதாயிற்று. நல்ல மார்க்கு வாங்கியும் வீட்டில் உட்கார்ந்தவர்கள் வெளிநாட்டைப் பார்த்தார்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கடைகள் எரிந்தன. உயிர்கள் போயின. அதற்குப் பிறகு, நார்வேப் பள்ளியில் இருந்து வரும் அனுமதிக் கடிதம் படிப்புக்கு மட்டும் உரியதாக இல்லை. உயிர் பிழைக்கும் சீட்டாகவும் ஆனது. காணியை ஈடு வைத்தார்கள். நகையை விற்றார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று விமானம் ஏற்றினார்கள்.

ஓராண்டு முடிந்தது. பட்டம் இல்லை. ஊரில் யுத்தம். கடன்காரர் வாசலில். அடுத்தது என்ன?

மீன் அறுத்த கைகள்

வடகோடியில் ஃபின்மார்க் என்ற பகுதி இருக்கிறது. ஹம்மர்ஃபெஸ்ட், போட்ஸ்ஃபியோர்டு, வார்டோ எல்லாம் அந்தப் பகுதி ஊர்கள். மரம் வளராத மலை. ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் கடல். அங்கே மீன் தொழிற்சாலைகள் உண்டு. உள்ளூர் வாலிபர்கள் பட்டணத்தைத் தேடித் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். தமிழர்களுக்கு வேலை வேண்டும். இரண்டும் பொருந்திவிட்டன. படிக்க வந்தவர்களும் அடைக்கலம் கேட்டு வந்தவர்களும் வடக்கே போனார்கள்.

ரப்பர் பூட்சு, ரப்பர் கையுறை, தலைக்குத் தொப்பி. ஓடிவரும் பட்டைக்கு முன்னால் காலையில் நின்றால், மாலை வரை நிற்கவேண்டும். தோலுரித்த மீன் வந்துகொண்டே இருக்கும். முள்ளை எடுக்கவேண்டும், ஓரத்தைச் சீவவேண்டும், தட்டில் அடுக்கவேண்டும். மீன் சில்லிட்டிருக்கும். விரல் மரத்துப் போகும். சம்பளம் சட்டப்படி சரியாக வரும். அது ஊருக்குப் போய்க் கடனை அடைத்தது, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தது, தம்பிக்கு விமானச் சீட்டு வாங்கியது.

சொந்த ஊரில் மீன் தொழிலை மட்டமாக நினைத்த குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே மீன் அறுத்தார்கள். அதை ஊருக்குச் சொல்லக் கூசினவர்கள் உண்டு. கூச என்ன இருக்கிறது? ராஜேந்திரம் கடல் தாண்டிப் போய்ப் படித்த தொழில் அல்லவா அது!

உடம்பு உழைப்பைத் தாங்கியது. மனம்தான் தாங்கவில்லை. ஆன் சிக்ஃபிரிட் கிரோன்செத் என்ற நார்வே மானிடவியல் அறிஞர், வடகோடி மீனவ ஊர் ஒன்றில் தமிழர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவருடைய நூல் 2010-ல் வெளிவந்தது. அந்த ஊர்த் தமிழர்கள் உடம்பு வலி, தலைவலி, அசதி என்று அடிக்கடி டாக்டரிடம் போனார்கள். டாக்டருக்கு நோய் பிடிபடவில்லை. அந்த வலிகளை அவர்களுடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தார் இந்த அம்மையார். சொந்த பந்தம் இல்லை, முறை சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, தாம் யார் என்று அறிந்து மதிக்கும் அக்கம்பக்கம் இல்லை. இந்த இழப்பு எல்லாம் உடம்பில் வலியாக வந்தது என்று விளக்கினார்.

நார்வேக்காரர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. நாணயமானவர்கள். ஒரு காரியம் சொன்னால் செய்வார்கள். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவது அங்கே வழக்கமில்லை. “சாப்பிட்டாயா?” என்று திண்ணையில் இருந்து குரல் கொடுக்கும் அத்தை அங்கே இல்லை.

அந்தக் குறையைத் தமிழர்கள் தாமே தீர்த்துக்கொண்டார்கள். சங்கம் வைத்தார்கள். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். நாளடைவில் பல குடும்பங்கள் தெற்கே ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் படிப்பில் முன்னால் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1988-ல் பிறந்த கம்சாயினி குணரத்தினம் மூன்று வயதில் அங்கே போனவர். ஆஸ்லோ நகரின் துணை மேயராக 2015-ல் வந்தார். 2021-ல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இன்று போகும் மாணவர்

பழைய கதை இருக்கட்டும். இன்று ஒரு மாணவர் அந்தக் கடற்கரைக்குப் படிக்கப் போனால் என்ன பார்ப்பார்?

ட்ரோம்சோ நகரை எடுத்துக்கொள்வோம். உலகத்தின் வடகோடியில் உள்ள பல்கலைக்கழகங்களில் ஒன்று இங்கே 1972-ல் திறக்கப்பட்டது. மீன்வளக் கல்விக்கு அது பெயர் பெற்ற இடம். கடலில் கூண்டு கட்டி “சால்மன்” மீன் வளர்ப்பதில் இன்று நார்வேதான் உலகில் முதல் நாடு. அந்தக் கலையை அங்கே நேரில் பார்க்கலாம்.

குளிர் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெற்கே இருந்து வரும் வெப்ப நீரோட்டம் கரையைத் தொட்டுப் போகிறது. ஆகையால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரியில் சராசரியாக உறைநிலைக்கு நாலைந்து டிகிரிதான் கீழே.

இருட்டுத்தான் பிரச்சினை. நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடு வரை சூரியன் வராது. மை போன்ற இருட்டு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலில் கொஞ்ச நேரம், நம் ஊரில் கோழி கூவும் வேளை போல நீல வெளிச்சம் இருக்கும். இரவில் வானத்தில் பச்சைச் சேலை விரித்தது போல ஒளி ஆடும். முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் வாரம் தூக்கம் தடுமாறும். எப்போது விடிந்தது, எப்போது பசித்தது என்று தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் மீன் எண்ணெய் குடித்து, இருட்டிலேயே நடந்து, பனிச்சறுக்கு விளையாடிச் சமாளிக்கிறார்கள். அறைக்குள் முடங்குகிற மாணவர்தான் அவதிப்படுவார். கோடையில் இதற்கு நேர்மாறு. மே கடைசி முதல் ஜூலை வரை நடுராத்திரியிலும் வெயில்! கனத்த திரை போட்டால்தான் தூக்கம் வரும்.

மாணவர் விடுதியில் தனி அறை கிடைக்கும். சமையலறை பெரும்பாலும் பொது. ஆணும் பெண்ணும் ஒரே சமையலறையில் சமைப்பார்கள். இதைப் பெற்றோர் முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது; பிறகு அதிர வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரருக்கு மதியச் சாப்பாடு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். மதியம் சுடு சோறு கிடையாது. அரிசியும் பருப்பும் மிளகாய்த் தூளும் கடையில் கிடைக்கும். சாம்பார் வைக்கத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆணாக இருந்தாலும் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொடுத்து அனுப்புங்கள்.

கணக்கு என்ன?

இதுதான் முக்கியமான இடம். தகப்பன்மார் கவனிக்கவேண்டும்.

“நார்வேயில் படிப்பு இலவசம்” என்று இன்னும் சிலர் சொல்லக்கூடும். அது பழைய செய்தி. 2023 ஆகஸ்டுக்கு முன்னால் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டாருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. அந்த ஆண்டு முதல், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் புதிய மாணவர்கள் கட்டணம் கட்டவேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி அது மாறும். பல படிப்புகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் குரோனரைத் தாண்டும். குரோனர் என்பது அவர்கள் நாணயம். ஒரு குரோனர் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அதுபோக, ஓராண்டுச் செலவுக்கு ஒன்றரை லட்சம் குரோனருக்கு மேல் கையில் இருக்கிறது என்று காட்டினால்தான் அனுமதி. அதுவே 12 லட்சம் ரூபாய். முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. செலவு 24 லட்சம், கட்டணம் குறைந்தது 16 லட்சம் என்றாலும் மொத்தம் 40 லட்சம் ரூபாய்! விமானச் செலவும் வட்டியும் இதில் சேரவில்லை.

“பகுதி நேர வேலை செய்து சம்பாதிக்கலாமே?” என்பார்கள். செய்யலாம். படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. துப்புரவு வேலைக்கு மணிக்கு 200 குரோனருக்கு மேல் கூலி. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் அறை வாடகையும் ரொட்டியும் அதே குரோனரில்தான். மேலும், அவர்கள் மொழி தெரியாதவருக்கு வேலை எளிதில் அமையாது. வேலையில் மூழ்கிப் பாடத்தில் தவறினால், அடுத்த ஆண்டு அனுமதியைப் புதுப்பிப்பது கஷ்டம். முதல் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் நார்வே மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்க நினைப்பவர் முதுநிலைக்குப் போவதே வழி.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படி யார் சொன்னார்கள்? கடன் இல்லாமல் போகும் வழியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் “எராஸ்மஸ் முண்டஸ்” என்ற பெயரில் உதவித்தொகை கொடுக்கிறது. அது கிடைத்தால் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கையில் வரும். இரண்டு, மூன்று நாடுகளில் மாறிமாறிப் படிக்கவேண்டும். கடலும் மீனும் சம்பந்தப்பட்ட முதுநிலைப் படிப்புகளும் அதில் உண்டு. போட்டி கடுமை. நல்ல பட்டம் வேண்டும்.

அந்தப் பட்டத்தை இங்கேயே வாங்கலாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் மீன்வளப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. நான்கு ஆண்டுப் படிப்பு. கடலைப் பார்த்தறியாத வாடிப்பட்டிப் பிள்ளை, முதல் நான்கு ஆண்டு தூத்துக்குடிக் கரையில் இருந்து பார்க்கலாம். படகும் வலையும் உப்புக் காற்றும் ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் பஸ் ஏறி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒத்துவந்தால், தரகர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கே நேரில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, பாடம் எந்த மொழியில், விடுதியில் இடம் உறுதியா என்று மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு, நம்மைப் போன்ற நாட்டு மாணவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் முந்திய ஆண்டு நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், ஓராண்டு போய்விடும்.